பழைய கார் மிஸ் அடித்தால்: கராஜா, ஸ்கேன் கடையா, சொந்தக் கருவியா?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் பழைய கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. என்னுடைய டொயோட்டா அலியன் 260 அப்படி என்னிடம் வந்ததுதான். காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் தெரியாது. காலி வீதி நெரிசலில் ஏசி போட்டு நின்றால் எஞ்சின் மிஸ் அடிக்கும், அதாவது ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் போகும், ஸ்டியரிங் வரை உதறல் வரும்.

இதற்கு இங்கே மூன்று வழி இருக்கிறது. தெரிந்த கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) விடலாம். காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பழுதுக் கோடுகளைப் படிக்கும் நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போகலாம். இல்லையென்றால் இஎல்எம் 327 என்ற சின்ன புளூடூத் கருவியை வாங்கி, அதே கோடுகளைப் போனில் பார்த்து, நாமே சோதிக்கலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தவன், ஆகவே என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கராஜைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அனுபவமுள்ள பாஸ் சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடுவார். முதலில் பிளக் மாற்றுவார், திராட்டிலைக் கழுவுவார். பழைய காரில் பிளக் எப்படியும் மாற்றவேண்டிய நிலையில்தான் இருக்கும், அதனால் பல நேரம் அதோடு சரியாகிவிடும். சரியாகாவிட்டால் அடுத்தது பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கும் கொயில், அதற்கடுத்தது பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று நம் செலவில் ஊகம் நீளும்.

ஸ்கேன் கடையில் வரும் தாளைப் பலர் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பி 0301 என்றால் முதலாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள், 0304 என்றால் நான்காவது. அவ்வளவுதான். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகம் எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது ஒரு கணம் தளர்கிறது என்பதை சென்சார் வழியாகப் பார்த்து கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்கிறது. தீப்பொறி வரவில்லையா, பெற்றோல் வரவில்லையா, கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறைந்துவிட்டதா என்பதை அந்தக் கோட் சொல்லாது. அதைப் பார்த்துவிட்டு “கொயில் போய்விட்டது” என்று சொல்வது கடைக்காரரின் ஊகம். சரியான ஊகமாகக்கூட இருக்கலாம்.

ஊகத்துக்கும் நிரூபணத்துக்கும் உள்ள வித்தியாசம் கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தெரியும். பூட்டிப் பார்த்த மின்பாகத்தை அங்கே பொதுவாகத் திருப்பி எடுக்கமாட்டார்கள். புதிய ஒரிஜினல், அதைப்போலவே பெட்டி போட்ட நகல், ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த கொயில் என எல்லாம் அருகருகே கிடைக்கும், விலையும் ஏறி இறங்கும். வாங்கிப் பூட்டியும் மிஸ் நிற்கவில்லையென்றால், ஊகம் பிழையா, வாங்கிய கொயிலே பழுதா என்று சொல்ல வழியில்லை. அதனால் பழுது எங்கே என்று உறுதியாகும்வரை காசைக் கையில் வைத்திருப்பதுதான் என் கணக்கு. சொந்தக் கருவி அதற்கு விடுகிறது.

செய்முறை எளிது. என் அலியனின் 1என்இசட் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு கொயில், ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட். எஞ்சின் ஆறியபிறகு முதலாவது கொயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றுங்கள். சொக்கெட் கிளிப்புகள் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து பிஸ்கட் மாதிரி உடையும், பொறுமையாகக் கழற்றுங்கள். பதிவான பழுதுக் கோட் எதையும் போனில் அழிப்பதற்கு முன், பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் வேகம், சூடு, லோட் எவ்வளவு இருந்தன என்று காட்டும் பதிவைப் படம் பிடித்து வையுங்கள், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அப்புறம் மிஸ் வரும் அதே நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். 0301 இப்போது 0303 ஆக வந்தால் கொயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை மட்டும் இடம் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். என் காரில் கோட் கொயிலோடு சேர்ந்து நகர்ந்தது. நான்கையும் மாற்றச் சொன்னவர்கள் இருந்தார்கள், ஒன்றுதான் வாங்கினேன்.

கொயிலைத் தூக்கும்போதே பிளக் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் நின்றால் பிளக் குழியைச் சுற்றியுள்ள டியூப் சீல் கசிகிறது. தண்ணீர் நின்றால் யாரோ எஞ்சினைக் கழுவியிருக்கக்கூடும். விற்பதற்கு முன் எஞ்சினைப் பளபளவென்று கழுவுவது இங்கே வழக்கம், வாங்குபவருக்கு அது பிடித்தும் போகிறது!

கருவி எடுபடாத இடங்களும் உண்டு. ஜப்பான் சந்தைக்கென்று செய்த பழைய கார்களில், தோராயமாக 2008க்கு முந்தியவற்றில், 16 பின் சொக்கெட் இருந்தாலும் இந்தக் கருவியோடு பல பேசாது. அப்போது எஞ்சினை நிறுத்தி, ஒரு கொயிலின் வயர் சொக்கெட்டைக் கழற்றி, சில விநாடி மட்டும் ஸ்டார்ட் செய்து கேட்கலாம். எந்தக் கொயிலின் சொக்கெட்டைக் கழற்றும்போது உதறல் கூடவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. ஒரே கொயிலின் மின்சாரத்தை எல்லாப் பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய கார்களை நான் கராஜுக்கே விட்டுவிடுவேன். டீசலில் எனக்கு அனுபவமே இல்லை.

எல்லாச் சிலிண்டரும் மாறி மாறி மிஸ் அடிக்கும் பி 0300 வந்தால் ஸ்கேன் கடை முந்திவிடும் என்றே நினைக்கிறேன். ஐட்லிங்கில் பெற்றோல் திருத்த அளவு (கம்ப்யூட்டர் கூடுதலாகச் சேர்க்கும் பெற்றோல்) மிகவும் கூடி, வேகம் ஏற்றியதும் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்பதுவரை போனிலேயே தெரியும். எந்தக் குழாயில் என்று தேடிப் பிடிப்பதை நான் செய்து பார்த்ததில்லை. கொயிலும் பிளக்கும் மாற்றியும் கோட் அதே சிலிண்டரில் நின்றால், இன்ஜெக்டரை மாற்றச் சொல்வதற்கு முன் கம்பிரஷன் அளக்கச் சொல்லுங்கள், கேஜ் பெரும்பாலான கராஜ்களில் இருக்கும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் கெற்றலிற்றிக் கன்வேர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும், ஓரமாக நிறுத்தி வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.