கன்டர்ஸ்வில் பாசிக்கு ஏற்ற தவளை

ஜூலை வந்தால் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் ஹைட்ரில்லா பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும். நம்மூர்க் குளங்களிலும் கிடக்கும் அதே பாசிதான். முள் வெளியே நீட்டிய எந்தத் தூண்டிலும் அதில் இரண்டடி நகராது. அதனால் ஸ்ப்ரோ ப்ரான்ஸ்ஐ 65 என்ற தவளை வடிவ செயற்கை இரையை வாங்கினேன். நீளம் 65 மில்லிமீட்டர், எடை அரை அவுன்ஸ். உள்ளே காலியான மெத்தென்ற உடல், மிதக்கும். இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கிறது. பாஸ் மீன் கவ்வி உடல் நசுங்கும்போதுதான் வெளிப்படும். பாசிமேல் வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

மீன் பாசியைக் கிழித்துத் தண்ணீர் சிதறியதும் கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுக்காதீர்கள்! கனம் கையில் தெரியும்வரை பொறுங்கள். இதைப் பழகுவதற்குள் எனக்கு நாலு மீன் போய்விட்டது. அப்புறம், 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும் விறைப்பான கோலும் கட்டாயம் வேண்டும். மெல்லிய நரம்பு என்றால் மீன் பாசிக்குள் தலையை நுழைத்ததும் அவ்வளவுதான்.

தவளையின் கால்களாகத் தொங்கும் நார்களைக் கொஞ்சம் கத்தரித்தால் இடமும் வலமுமாக நன்றாக நடக்கிறது. பாசிக்கு நடுவே தெரியும் சின்னச் சின்னத் தண்ணீர்த் திட்டுகளில் நிறுத்தி ஆட்டுங்கள். எனக்குப் பெரிய மீனெல்லாம் அங்கேதான் கிடைத்தது.