ஸீரோஎம்க்யூவா, ரேபிட்எம்க்யூவா: இணைப்பு அறுந்தால் யார் சொல்வது?

இரண்டும் நிரல்களுக்கிடையே செய்தி கடத்துபவை: ஸீரோஎம்க்யூ நிரலுக்குள் சேர்க்கும் நூலகம், ரேபிட்எம்க்யூ நடுவில் நின்று செய்தியை வாங்கிக் கொடுக்கும் சர்வர். சர்வரை ஓடவிடாமலே ஸீரோஎம்க்யூவின் ரெக் சாக்கெட்டில் (கேள்வி அனுப்பிப் பதில் வாங்குவது) ஒரு டிசிபி முகவரியைக் கொடுத்து கனெக்ட் செய்து பாருங்கள். பிழை வராது. செய்தி அனுப்பினாலும் வராது. பதிலை வாங்கப் போகும் வரியில்தான் நிரல் அப்படியே உட்கார்ந்துவிடும். ரேபிட்எம்க்யூவுக்குப் பைத்தானின் பைகா நூலகத்தில் இதையே செய்தால், இணைக்கும் வரியிலேயே எக்ஸெப்ஷன் வந்துவிடும்.

ஸீரோஎம்க்யூவில் மறு இணைப்பு நூலகத்தின் வேலை. 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பின்னணியில் தானே முயலும். செய்திகள் 1000 வரை நினைவகத்தில் காத்திருக்கும். நிரம்பினால், வேலைகளைப் பகிர்ந்து தள்ளும் புஷ் சாக்கெட் அனுப்பாமல் நிற்கும், எல்லாருக்கும் ஒலிபரப்பும் பப் சாக்கெட் சத்தமில்லாமல் கொட்டிவிடும். வெப்பமானி அளவுகளுக்கு இது போதும், அடுத்த அளவு வந்துவிடுமே. ஆர்டர் விவரத்துக்கு ஆகாது.

மிகவும் படுத்துவது ரெக் சாக்கெட்தான். கேள்வி போன பிறகு சர்வர் விழுந்தால், சர்வர் எழுந்து வந்தாலும் சாக்கெட் பழைய பதிலுக்கே காத்திருக்கும். மறுபடி அனுப்பவும் விடாது. காலக்கெடு வைத்துப் பதில் வந்ததா என்று பார்த்து (poll), பதில் இல்லையென்றால் சாக்கெட்டை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். மூடுமுன் லிங்கரை (போகாத செய்திக்காகக் காத்திருக்கும் நேரம்) 0 ஆக்குங்கள். இயல்பான -1 (வரம்பில்லாக் காத்திருப்பு) இருந்தால், போகாத செய்திக்காக நிரல் முடியாமல் தொங்கும்.

பைகாவில் மறு இணைப்பு முழுக்க நம் தலையில். ரேபிட்எம்க்யூவின் ஜாவா கிளையண்ட் 4.0 முதல் 5 விநாடிக்கு ஒருமுறை தானே முயல்கிறது. ஆனால் முதல் இணைப்பே தோற்றால் அதுவும் நம் பாடு. அறுந்த நேரத்தில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பதைப் பப்ளிஷர் கன்ஃபர்ம் (செய்தி கிடைத்தது என்று சர்வர் தரும் ஒப்புதல்) போன்ற ஒன்று இல்லாமல் அறிய வழியில்லை.

பணம், ஆர்டர் என்றால் நான் ரேபிட்எம்க்யூவைத்தான் எடுப்பேன். எக்ஸெப்ஷன் தொல்லைதான், ஆனால் கன்ஃபர்மும் இயக்கியிருந்தால், எதற்கு ஒப்புதல் வரவில்லை என்பது கையில் இருக்கிறது.

நடுவில் ஃபயர்வால் சொல்லாமல் இணைப்பை அறுத்தால் இரண்டுக்கும் ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) வேண்டும். இதே சோதனையைச் செய்யும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் இயக்கினாலும், இயல்பாக முதல் சோதனைக்கே 2 மணி நேரம் எடுக்கும். ரேபிட்எம்க்யூ 60 விநாடி ஹார்ட்பீட்டோடே வருகிறது. பைகாவின் பிளாக்கிங் இணைப்பில் கால்பேக் (செய்தி வந்ததும் ஓடும் நம் ஃபங்ஷன்) பல நிமிடம் ஓடினால் அதனாலேயே சர்வர் துண்டித்துவிடும், நீண்ட வேலையைத் தனி த்ரெட்டுக்கு மாற்றுங்கள். ஸீரோஎம்க்யூவில் 4.2 முதல் ஹார்ட்பீட் உண்டு, ஆனால் அணைந்தே இருக்கும். அதை இயக்கி, இணைப்பு நிகழ்வுகளைச் சொல்லும் மானிட்டர் சாக்கெட்டில் வரும் துண்டிப்புகளை லாகில் எழுதிவிடுங்கள்.