சிபிநாட், ட்ரூநாட், எல்பிஏ: வடசென்னை நோயாளிக்கு எது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்று ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒருவர் அரசு மருத்துவமனைக்குப் போனால் சளி டெஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சளி எந்த மெஷினுக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். டிபி இருக்கிறதா என்பதோடு, எந்த மருந்துக்கு அது கட்டுப்படாது என்பதையும் அந்தச் சோதனைதான் சொல்லப்போகிறது.

மைக்ரோஸ்கோப்பை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமி இருந்தால்தான் அதில் தெரியும். தெரிந்தாலும் மருந்து எதிர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் நம்பகமானது, ஆனால் திரவ முறையிலேயே 6 வாரம் வரை இழுக்கும். ஆக, போட்டி கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சிபிநாட், ட்ரூநாட், எல்பிஏ என்ற மூன்று சோதனைகளுக்குள்தான்.

ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினில் ஓடும் சோதனையைத்தான் இங்கே சிபிநாட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. சளியில் கரைசலைக் கலந்து, கால் மணி நேரம் வைத்து, கார்ட்ரிட்ஜ் என்ற சோதனைக் குப்பியில் ஊற்றி மெஷினில் பொருத்தினால் மற்றதெல்லாம் உள்ளேயே நடந்துவிடும். 2 மணி நேரத்துக்குள் டிபி உண்டா, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் மாத்திரை வேலை செய்யுமா என்ற இரண்டுக்கும் பதில். புதிய அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லியில் 16 கிருமி அளவுக்குக்கூடக் கண்டுபிடிக்கும். அதனால் சளி சரியாக வராத குழந்தைகளுக்கும், நெறிக்கட்டி, மூளை உறை போன்ற இடங்களில் டிபி வந்தவர்களுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இது ஏசி அறையும் தடையில்லாத மின்சாரமும் கேட்கும் மெஷின்.

ட்ரூநாட் கோவாவின் மோல்பயோ நிறுவனம் உருவாக்கியது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பேட்டரியில் ஓடும், ஏசி வேண்டாம், சின்ன சுகாதார நிலையத்து மேஜையிலேயே வைக்கலாம். சிரமம் என்னவென்றால், டெக்னீஷியன் கையால் செய்யும் வேலை அதிகம். சோதனை நடக்கும் சின்னத் தகடான சிப்பில், முதலாவதில் டிபி உறுதியானால், ரிஃபாம்பிசினுக்கு இரண்டாவது சிப் தனியாகப் போட வேண்டும், அதற்கு இன்னொரு மணி நேரம். முதல் சிப்போடு நிறுத்திவிட்டால் பாதி பதில்தான். இருந்தாலும் முதல் சோதனையாக நான் இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவருக்கு ஆஸ்பத்திரிக்கு அலையும் ஒவ்வொரு நாளும் கூலி போகிற நாள். வீட்டுப் பக்கத்திலேயே அன்றைக்கே முடிவு கிடைத்தால் அவர் சிகிச்சைக்குள் வருவார். தூரத்துப் பெரிய மெஷினுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால் பலர் வருவதில்லை.

உண்மையான ஓட்டை இரண்டுக்கும் பொதுவானது. வழக்கமான சிபிநாட்டும் சரி, ட்ரூநாட்டும் சரி, ரிஃபாம்பிசினோடு நின்றுவிடுகின்றன. இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட் மட்டும் பலிக்காத டிபி இந்தச் சோதனையில் நல்ல பிள்ளையாகக் கடந்துபோய்விடும். வழக்கமான மாத்திரையே தொடரும், நோய் முழுசாகக் குணமாகாமல் போகலாம், எதிர்ப்பும் கூடலாம். அதேபோல ரிஃபாம்பிசின் பலிக்கவில்லை என்று வந்தவருக்கு இப்போது பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் சேர்ந்த 6 மாத சிகிச்சை இருக்கிறது. 2024இல் இந்தியாவிலும் ஒப்புதல் கிடைத்தது. அதில் மாக்சிஃபிளாக்சசின் பலிக்குமா என்று தெரிய வேண்டாமா?

அதற்குத்தான் எல்பிஏ. கிருமியின் மரபணுவைப் பெருக்கி, ஒரு பட்டையில் விழும் கோடுகளைப் படித்துச் சொல்வார்கள். ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டுக்கும் ஒரு பட்டை, மாக்சிஃபிளாக்சசின் வகைக்கு இன்னொன்று. சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பெரிய ஆய்வகங்களில்தான் செய்ய முடியும். வேலை இரண்டு மூன்று நாள்தான். ஆனால் சளியில் கிருமி குறைவாக இருந்தால் முதலில் கல்ச்சரில் வளர்க்க வேண்டும், அப்போது வாரங்கள் ஆகிவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எக்ஸ்பர்ட் எக்ஸ்டிஆர் கார்ட்ரிட்ஜ் இதே கேள்விகளில் பலவற்றுக்கு ஒன்றரை மணி நேரத்தில் பதில் தரும். பழைய ஜீன்எக்ஸ்பர்ட்டில் அது ஓடாது, 10 நிற ஒளியைப் படிக்கும் புது மெஷின் வேண்டும். அது பரவலாக வரும் வரை எல்பிஏதான் கை கொடுக்கும்.

ஆகவே சிபிநாட்டா ட்ரூநாட்டா என்று மல்லுக்கட்டுவதைவிட, எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் அன்றைக்கே கொடுங்கள். டிபி என்று வந்தால் "இரண்டாவது சளி எல்பிஏவுக்குப் போயிருக்கா?" என்று கேளுங்கள். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களும் அரசுத் திட்டத்தில் இந்தச் சோதனைகளை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

முன்பு ஒருமுறை டிபிக்கு மருந்து சாப்பிட்டவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செத்த கிருமியின் மரபணுவையும் இந்த மெஷின்கள் பிடித்துவிடும், அல்ட்ராவில் 'ட்ரேஸ்' என்று மங்கலாக வரும். அந்த நிலையில் கல்ச்சர் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. மருந்து பலிக்கிறதா என்று நடுவில் பார்ப்பதற்கும் இதே காரணத்தால் மைக்ரோஸ்கோப்பும் கல்ச்சரும்தான்.