பட்டினப்பாக்கம் ஃபைபர் படகுக்கு ஒரு மீன்காட்டி: பத்து மாத அனுபவம்

எங்கள் 28 அடி ஃபைபர் படகில் போன ஆண்டு வரை இருந்தது கைக்கடக்கமான ஒரு ஜி.பி.எஸ். மட்டுமே. ஆழம் பார்க்க அப்பா ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் (ஒரு பாகம் ஆறு அடி) சொல்வார். குண்டு தட்டும் விதத்தைக் கொண்டே அடியில் சேறா, மணலா, பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுவார். தூண்டிலில் சங்கராவும் களவாவும் பிடிக்கிறவர்களுக்குப் பார்தான் எல்லாம். அது இருக்கும் இடத்தை அரைக் கிலோ மீட்டர் தவறவிட்டால் அன்றைய டீசல் வீண். அதனால்தான், நீருக்குள் ஒலி அனுப்பி அடித்தளத்தையும் மீனையும் திரையில் காட்டும் மீன்காட்டியும் ஜி.பி.எஸ்ஸும் ஒரே பெட்டியில் இருக்கும் கருவியை வாங்கினோம். பத்து மாதம் பயன்படுத்திய பிறகு, வாங்க நினைக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

தனித்தனியாக இரண்டு வாங்குவதைவிட ஒன்றாக வாங்குவது மேல் என்பதே என் முடிவு. காரணம் விலையோ இடவசதியோ அல்ல. நீரோட்டத்தில் படகு நகர்ந்துகொண்டிருக்கும்போது திரையில் அடித்தளம் திடீரென்று மேலேறி இறங்குகிறது. அதை நாம் கவனித்து, இன்னொரு கருவியை எடுத்துப் பாயிண்ட் போடுவதற்குள் (அந்த இடத்தை ஜி.பி.எஸ்ஸில் பதிவதற்குள்) படகு அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது. ஒரே கருவியாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் படத்தை நிறுத்தி, திரையில் உள்ள குறிமுள்ளை (கர்சரை) பின்னோக்கி நகர்த்தி, மேடு தெரிந்த அதே புள்ளியில் வைத்து அழுத்தலாம். படகு இப்போது நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, அந்த மேட்டைக் கடந்தபோது இருந்த இடத்தையே கருவி பதிந்துகொள்கிறது. நாங்கள் மூன்று ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றித் தேடிய ஒரு சிறு பாரை இப்படித்தான் ஒரே காலையில் பிடித்தோம்.

கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் ஆகிய மூன்றும்தான் சிறு படகுக்காரர்கள் அதிகம் விசாரிக்கும் பெயர்கள். பெரிய விசைப்படகுகளுக்கு ஃபுருனோ உண்டு. மீன்காட்டியை 1948இல் முதன்முதலாக வணிகத்துக்குக் கொண்டுவந்த ஜப்பானிய நிறுவனம் அது. முதல் மூன்றின் சிறிய ரகங்கள் பெரும்பாலும் அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கும் விரைவுப் படகுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கடையில் போட்டுக் காட்டும் மாதிரிப் படத்திலும் நன்னீர் ஏரிதான் ஓடுகிறது; மூழ்கிய மரத்தின் கிளைகள்கூடப் புகைப்படம்போல் தெரியும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். அந்தத் துல்லியம் 455, 800 கிலோ ஹெர்ட்ஸ் போன்ற மிக உயர்ந்த அதிர்வெண்களால் கிடைப்பது. உப்புநீர் அவற்றை விரைவில் உறிஞ்சிவிடும். கரையோரத்தில் நன்றாகத் தெரியும் பக்கவாட்டுப் படம், ஆழம் கூடக் கூட மங்கிப்போகும். நமக்கு வேண்டியது 50 அல்லது 77 கிலோ ஹெர்ட்ஸும் 200 கிலோ ஹெர்ட்ஸும் சேர்ந்த டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி. 200இல் ஒலிக்கூம்பு குறுகியது: 20 பாகைக் கூம்பு என்றால் 15 பாகம் ஆழத்தில், அதாவது சுமார் 27 மீட்டரில், கடல் அடியில் அது தொடும் வட்டத்தின் விட்டம் பத்து மீட்டருக்கும் குறைவு. பாரின் விளிம்பு எங்கே என்று துல்லியமாகக் காட்டுவது அதுதான். தாழ்ந்த அதிர்வெண் ஆழம் வரை செல்லும், அகலமாகப் பார்க்கும், ஆனால் விவரம் குறையும். இரண்டையும் பாதிப் பாதித் திரையில் வைத்துப் பார்ப்பதே எங்கள் வழக்கம்.

கொடுவாவுக்காகப் பழவேற்காடு ஏரிக்கும் முட்டுக்காடு உப்பங்கழிக்கும் போகிற தூண்டில்காரர்கள் தங்களுக்கும் மீன்காட்டி வேண்டுமா என்று கேட்கிறார்கள். மீட்டர்க் கணக்கில் ஒன்றிரண்டுதான் ஆழம் என்ற இடத்தில் அதே கூம்பு இரண்டு முழ அகலம்கூடப் பார்க்காது. பார்ப்பதற்குள் மீனும் படகைக் கண்டு விலகியிருக்கும். அங்கே ஜி.பி.எஸ். மட்டும் போதும்.

இனி, நான் பணத்தை இழந்து கற்றுக்கொண்ட விஷயம். டிரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில் திருகிப் பொருத்துவதுதான் பெட்டியில் வரும் முறை. துறைமுகத்தில் கட்டி வைக்கும் படகுக்கு அது சரி. பட்டினப்பாக்கத்தில் நாங்கள் அலையைத் தாண்டி மணலில் ஏறுகிறவர்கள். பொருத்திய ஆளிடம் அப்பா இதைச் சொன்னார்; ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். ஒன்பதாவது நாள் கரையேறும்போது கடைசி அலை பின்புறத்தைத் தூக்கி மணலில் போட்டது. தாங்கி முறிந்து, கேபிளும் வேரோடு அறுந்தது. அதை ஒட்டுப்போட முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று வாங்கிய கடையில் கையை விரித்துவிட்டார்கள். நம் கரையின் தன்மை தெரிந்து விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இரண்டாவது டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு உள்ளேயே அடித்தளத்தில் எப்பாக்ஸி கொண்டு ஒட்டினோம். ஒலி ஃபைபரைக் கடந்து போகும். ஆனால் அந்த இடத்தில் ஃபைபர் திடமாக இருக்க வேண்டும், நடுவில் மரமோ தெர்மோகோலோ காற்றோ இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒட்டுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் வைத்து, பையை அடித்தளத்தில் அழுத்தி, ஓடும் படகில் நான்கைந்து இடங்களில் பார்த்தோம். மோட்டார் விசிறிக்கு அருகே குமிழிகளால் படம் கலைந்தது. சற்று முன்னே தள்ளிய இடத்தில் நின்றது. எப்பாக்ஸியில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது என்பதால் மெதுவாகத் திருகித் திருகி அழுத்தினோம். பிறகு அப்பா கயிற்றை இறக்கினார்: 12 பாகம். ஒரு பாகம் 1.83 மீட்டர் என்றால் சுமார் 22 மீட்டர், திரையில் 21.6. மீதி, நீர்மட்டத்துக்குக் கீழே டிரான்ஸ்டியூசர் இருக்கும் ஆழம்தான். அந்த அளவை அமைப்பில் சேர்த்துவிட்டோம். இந்த முறையில் ஒலியின் வலு கொஞ்சம் குறைகிறது, கடல்நீரின் வெப்பநிலையும் தெரியாது. எங்கள் கரைக்கு அந்த இழப்பு ஏற்கத்தக்கது.

அமைப்புகளில் மூன்றை முதல் நாளே மாற்றுங்கள். நன்னீர் என்று இருப்பதை உப்புநீர் ஆக்குங்கள். மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்; குப்பையையும் குமிழியையும்கூட அது மீன் ஆக்கிவிடும். உண்மையான எதிரொலியைப் பார்த்துப் பழகினால், அடிக்கோடு தடித்து அதற்குக் கீழே இரண்டாவது கோடும் தெரியும் இடம் கெட்டியான தரை என்பது ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பிடிபடும். மூன்றாவது, ஆழத்தின் அலகு. பாகத்துக்கு மாற்றும் வசதி எங்கள் கருவியில் இருக்கிறது. அதை மாற்றிய பிறகுதான் அப்பா திரையைப் பார்க்கவே தொடங்கினார்.

பழைய பாயிண்டுகளை ஏற்றும்போது மிகுந்த கவனம் வேண்டும். எங்கள் நோட்டில் 13 பாகை 05.420 நிமிடம் என்று எழுதியிருந்ததை, தம்பி 5 நிமிடம் 42 வினாடி என்று ஏற்றிவிட்டான். தசம நிமிடத்துக்கும் வினாடிக்கும் உள்ள அந்த வேறுபாடு 0.28 நிமிடம், கடலில் அது சுமார் 520 மீட்டர். மூன்று நாள் வெறுங்கையோடு திரும்பிய பிறகே எழுத்து முறையைச் சோதித்தோம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸ் வெளியிடும், மீன் கூட வாய்ப்புள்ள இடங்களைச் சொல்லும் மீன்வள இட அறிவிப்பின் எண்களை ஏற்றும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடல் வரைபடம் தேவையா என்றால், பாயிண்டுக்குப் போய்ப் பாயிண்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு அவ்வளவு அவசியம் இல்லை. கார்மின் ஸ்ட்ரைக்கர் வரிசையில் வரைபடம் கிடையாது, பாயிண்டும் தடமும் மட்டும் உண்டு. எக்கோமேப் வரிசையில் வரைபடம் ஏற்றலாம். பெட்டியில் அமெரிக்க ஏரிகளின் படம் இருந்தால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தொடுதிரையைவிடப் பொத்தான் நல்லது. உப்பும் மீன் செதிலும் படிந்த ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படுவதில்லை. திரை 7 அங்குலம் போதும். ஆனால் கடைக்கு வெளியே வெயிலில் எடுத்து வந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். டிரான்ஸ்டியூசர் சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள், இல்லாமலும் விற்கிறார்கள்.

கயிறு இழுத்துக் கிளப்பும் எங்கள் மோட்டார் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்காது. ஆகவே 12 வோல்ட் பேட்டரியை மூடிய டப்பாவில் வைத்து, ஃபியூஸ் போட்டு, தினமும் வீட்டுக்குத் தூக்கிச் சென்று சார்ஜ் செய்கிறோம். பிளக்கின் முனைகளைத் துடைத்துக் கிரீஸ் தடவாவிட்டால் இரண்டே மாதத்தில் பச்சை பிடித்துவிடும். பெட்டி ஒன்று என்பதால் பேட்டரி இறங்கினால் ஆழமும் போகும், திசையும் போகும். பழைய கைக்கருவியை நாங்கள் விற்கவில்லை. வீட்டுக்கரையின் பாயிண்டோடு, இரண்டு செட் புதிய பேட்டரியோடு, அது படகின் முன்முனையான அணியத்தில் ஒரு நீர்புகாப் பையில் கிடக்கிறது.