சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன் என்பவரிடம் பான் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டுக் கடனுக்கு அலைகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். 7,500 ரூபாய் ஏமாந்தவன் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போயிருந்தேன். மேனேஜர் என் சிபில் ரிப்போர்ட்டை, அதாவது நான் கடன்களைக் கட்டிய விதத்தைச் சொல்லும் பதிவைப் பார்த்துவிட்டு, "பைக் லோனை செட்டில்மெண்ட் பண்ணியிருக்கீங்களே சார்" என்றார். தூக்கிவாரிப்போட்டது. ஒரு டியூ பாக்கியில்லாமல் கட்டி, 2022-லேயே என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கி, ஆர்சி புத்தகத்தில் ஹெச்பி (பைனான்ஸ்காரர்களின் அடமானப் பதிவு) கேன்சலும் செய்தாயிற்று. முழுதாகக் கட்டிய கடன் 'குளோஸ்டு' என்றுதான் வர வேண்டும். 'செட்டில்டு' என்றால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டினான் என்று அர்த்தம். பைனான்ஸ்காரர்கள் மாற்றிப் போட்ட ஒரு சொல், என் வீட்டுக் கடனை நிறுத்திவிட்டது.

இன்னொரு கறையும் இருந்தது. 2023-இல் கிரெடிட் கார்டு பணத்தை மூன்று மாதம் தாமதமாகக் கட்டியிருந்தேன். அது உண்மை, என் தப்பு.

அப்போதுதான் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஒருவனைப் போய்ப் பார்த்தேன். "ரெண்டையும் அழிச்சிடலாம்ணே, 45 நாள்ல ஸ்கோர் 780 காட்டும்" என்றான். பான், ஆதார் நகல், வந்த ஓடிபி எல்லாம் கொடுத்தேன். படித்தவன்தான் நானும், என்ன செய்வது! என் பெயரில் சிபில் லாகினை அவனுடைய மெயில் ஐடியில் உருவாக்கியிருக்கிறான் என்பதுகூடத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து நச்சரித்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கார்டு தாமதம் என்னுடையதே இல்லை என்று பொய்யாக டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற புகார்) போட்டிருக்கிறான். பதிவு சரிதான் என்று வங்கி சொல்ல, அது தள்ளுபடி. உண்மையில் தவறாக இருந்த பைக் லோனை அவன் தொடவே இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கையும் எடுத்தேன். ஒன்றில் 'குளோஸ்டு', இன்னொன்றில் 'செட்டில்டு'! அதனால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாதவாரித் தாமத நாட்கள், பாக்கித் தொகை, 'ரிட்டன் ஆஃப்' (வராக்கடன் என்று ஒதுக்கியது) என்ற சொல், உங்களுக்குச் சம்பந்தமில்லாத கணக்கு, எல்லாவற்றையும் வரிவரியாகப் பாருங்கள்.

டிஸ்ப்யூட் போடக் காசு கிடையாது. ஆனால் கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் இந்த நிறுவனங்கள் ஒரு எழுத்தையும் மாற்றாது. அதனால் என்ஓசி, கணக்கு விவரம் இரண்டையும் பைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும் மெயிலில் அனுப்பினேன். 30 நாளுக்குள் புகாரைத் தீர்த்தாக வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரலிலிருந்து. பதிலே வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், அதுவும் இலவசம்.

எனக்கு 47-வது நாள் 'குளோஸ்டு' என்று மாறியது. கேட்டு வாங்கிய இழப்பீடு 1,700 ரூபாய். கார்டு தாமதம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

புதிய ரிப்போர்ட்டில் நான் கேட்காத இரண்டு கடன்களுக்கான என்கொயரி, அதாவது கடன் கேட்டதாக என் ரிப்போர்ட்டைப் பார்த்த பதிவு இருக்கிறது. என் பான் நகல் அவனிடம் இருந்த மாதத் தேதிகள். இப்போது அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாடி ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது.