கழுவ முடியாத பொருளைக் கழுவச் சொல்லி விற்கிறார்கள்

‘மசாஜ் கருவி’ என்ற பெயரில் இணையக் கடைகளில் கிடைக்கும் அந்தரங்கக் கருவிகளை வாங்க நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட பதிவை “என் தோழிக்கு நடந்தது” என்று தொடங்குவதுதான் வழக்கம். தோழி எவளும் இல்லை, எனக்கே நடந்தது. மலேசியாவின் ஜொகூரில், குளுவாங்குக்கும் லாயாங் லாயாங்குக்கும் நடுவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்னப் பட்டணம் எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும், அவ்வளவு சிறியது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, விடுமுறைக்குத்தான் வருவார். கருவி வாங்கியது அவருக்கும் தெரியும். இதற்கு மேல் என் குடும்பக் கதை யாருக்கும் தேவையில்லை.

விற்பனைப் பக்கம் தமிழில் இருந்தது. ‘நம் பெண்களுக்காக நம்மவர் நடத்தும் கடை’ என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். மருத்துவத் தர சிலிகான், வாசனை இல்லாதது, முழுக்க நீர் புகாதது, வெளியே தெரியாத பொட்டலம் என்று நான்கு வாக்குறுதிகள். விலை நூறு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அதோடு ‘பிரத்தியேகச் சுத்திகரிப்புத் திரவம்’ ஒரு குப்பியும் சேர்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். நான்கு வாக்குறுதிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. உத்தரவாதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பொட்டலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பார்சலைப் பட்டணத்துக் கடை ஒன்றில் இறக்கிவிட்டுப் போவார்கள். நாம்தான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் உறை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் பொருளின் பெயர் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில், ‘பெரியவர்களுக்கானது’ என்ற அடைமொழியோடு அச்சாகியிருந்தது. கல்லாவில் இருந்த பெண் அதைப் படித்தாளா என்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. விற்பனையாளரிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டேன். “அது கூரியர்காரன் அச்சடிப்பது அக்கா” என்று பதில் வந்தது. சீட்டில் என்ன எழுத வேண்டும் என்பதை நிரப்பிக் கொடுப்பது அனுப்புகிறவர். கூரியர்காரனுக்கு உறைக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

உறையைப் பிரித்ததும் நெடி அடித்தது. நான் லயத்து வீட்டில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். ரப்பர் பாலின் வாடை, அதை உறைய வைக்கும் அமிலத்தின் வாடை, புகைக்கூட்டில் தொங்கும் ஷீட்டின் வாடை எல்லாம் என் மூக்குக்கு அத்துப்படி. இது அவற்றில் எதுவும் இல்லை. புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, இனிப்புக் கலந்த ஒரு பிளாஸ்டிக் நெடி, அதுதான். நல்ல சிலிகானுக்கு வாசனையே கிடையாது. “நாலு தடவை கழுவினால் போய்விடும்” என்றார் விற்பனையாளர். போகவில்லை.

சில வாரங்களில் மேற்பரப்பு பிசுபிசுக்கத் தொடங்கியது. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் துணியில் எண்ணெய்க் கறை படிந்தது. அச்சில் வார்க்கும்போது இரண்டு பாதிகள் சேருகிற இடத்தில் ஒரு கோடு ஓடும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தக் கோடு நெடுக ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. எவ்வளவு தேய்த்தும் அவை போகவில்லை. அவர்கள் கொடுத்த திரவத்தை ஊற்றித் தேய்த்த இடங்களில் பளபளப்பு போய், மெல்லிய வெடிப்புகள் விட்டிருந்தன.

அதன்பிறகுதான் இந்தப் பொருள்கள் எதனால் செய்யப்படுகின்றன என்று தேடிப் படித்தேன். கெட்டியான பிவிசி பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்குவதற்கு மென்மையூட்டிகளைக் கலக்கிறார்கள். அவற்றில் முக்கியமானவை தாலேட்டுகள். அவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இருப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் குறிப்பிட்ட தாலேட்டுகள் எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலேயே சட்டம் போட்டுவிட்டது. டிபிஇ என்று இன்னொரு வகைப் பிளாஸ்டிக் உண்டு. தொட்டால் தோலைப் போலவே இருக்கும், விலையும் குறைவு. அதை மென்மையாக்கப் பெரும்பாலும் கனிம எண்ணெய் சேர்க்கிறார்கள். என் துணியில் படிந்த கறைக்கு அதுதான் விளக்கம். இந்த இரண்டு வகையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றுக்குள் புகுந்த கிருமியை சோப்பாலும் எடுக்க முடியாது, திரவத்தாலும் எடுக்க முடியாது. கொதிக்க வைக்கலாம் என்றால் பொருளே உருகி உருமாறிவிடும்.

மோசடியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. முழுதாகச் சுத்தம் செய்யவே முடியாத பொருளை விற்றுவிட்டு, அதைச் சுத்தம் செய்வதற்கென்று தனியாக ஒரு குப்பியையும் விற்கிறார்கள். குப்பியில் இருந்தது ரோஜா வாசனையும் ஆல்கஹாலும். மேற்பரப்பு வெடித்துவிட்டது என்று புகார் சொன்னபோது கிடைத்த அடுத்த அறிவுரை இன்னும் பிரமாதம்: “சுடுநீரில் கிருமிநாசினி கலந்து ராத்திரி முழுக்க ஊற வையுங்கள் அக்கா, காலையில் தேங்காய் எண்ணெய் தடவினால் பழைய மாதிரி ஆகிவிடும்.” தரை துடைக்கவும் காயம் கழுவவும் நம் வீடுகளில் வைத்திருக்கிறோமே, தண்ணீரில் விட்டால் வெள்ளையாகும் அந்தப் பழுப்பு நிறக் கிருமிநாசினி, அதைத்தான் சொன்னார். நுண்துளைகளுக்குள் அது தங்கி, பிறகு உடம்பின் மிக மெல்லிய சவ்வில் பட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? தேங்காய் எண்ணெய்க்கு வேறொரு குணமும் உண்டு. எண்ணெய் எதுவாக இருந்தாலும் லேடெக்ஸ் ஆணுறையை வலுவிழக்கச் செய்து கிழியவைக்கக்கூடும்.

எனக்கு அரிப்பும் நாற்றமும் வந்தபோது பட்டணத்துத் தனியார் கிளினிக் ஒன்றுக்குத்தான் முதலில் போனேன். அதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவச் சோதனைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, முகப்பில் இருந்த பெண் “எங்கே அரிக்கிறது?” என்று மலாயில் உரக்கக் கேட்டாள். உள்ளே டாக்டர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பரிசோதனையும் இல்லை, கேள்வியும் இல்லை. பூஞ்சைத் தொற்று என்று ஒரு களிம்பைக் கொடுத்து அறுபது ரிங்கிட்டுக்கு மேல் வாங்கிக்கொண்டார். களிம்பு எதையும் மாற்றவில்லை.

பிறகு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனேன். கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்த பெண் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். நானும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. பிறப்புறுப்புக்குள் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு, பிஎச் ஏறக்குறைய 3.8 முதல் 4.5 வரை, அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள்தான் அதைக் காக்கின்றன, வாசனைச் சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே போனால் அந்தச் சமநிலை குலைந்துவிடும் என்று விளக்கினார். பூஞ்சை என்றால் தயிர்க்கட்டி போல வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் இருக்கும். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. எனக்கு இரண்டாவது. மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தார். கருவிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அதையும் திரவத்தையும் இன்றே தூக்கிப் போடுங்கள் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ‘நம்மவர்’ சுயரூபத்தைக் காட்டினார். அதுவரை ‘அக்கா’ என்று அழைத்தவர், “இது மலேசியாவில் தடை செய்யப்பட்ட பொருள். நீங்கள் புகார் செய்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். உங்கள் முகவரியும் என்னிடம் இருக்கிறது” என்று எழுதினார். இந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் இரத்தம் கொதிக்கிறது. அவர் முதல் போட்டிருப்பது சரக்கில் அல்ல, நம் வெட்கத்தில்.

அவர் சுட்டிக்காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 292-ஆம் பிரிவை. ஆபாசப் பொருளை விற்பது, விநியோகிப்பது, விற்பதற்காகக் கையில் வைத்திருப்பது, அந்த நோக்கத்தோடு இறக்குமதி செய்வது ஆகியவற்றைத்தான் அந்தப் பிரிவு பேசுகிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதாவது என்னை மிரட்டிய ஆளின் தலைக்கு மேல்தான் அந்தக் கத்தி தொங்குகிறது. முகவரி கையில் இருக்கிறது என்ற மிரட்டலுக்கு நான் பதில் எழுதவில்லை. உரையாடலைப் படம்பிடித்து, ‘விவரிப்புக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இல்லை’ என்ற காரணத்தைக் குறித்து, வாங்கிய தளத்தின் வழியாகவே முறையிட்டேன். கருவியின் விலை திரும்பி வந்தது, திரவத்தின் விலை வரவில்லை. பணத்தை நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லி அவர் முதலில் கேட்டிருந்தார், தள்ளுபடியும் தருவதாகச் சொன்னார். தளத்துக்கு வெளியே பணம் கட்டியிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பொருள் என்ன என்று முதலில் பாருங்கள். சிலிகான், துருப்பிடிக்காத எஃகு, போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி ஆகிய மூன்றுக்கும் நுண்துளை கிடையாது. ‘மருத்துவத் தரம்’ என்ற சொல்லை எவரும் அட்டையில் அச்சடித்துவிடலாம். இந்த வகைப் பொருள்களுக்கான சர்வதேசத் தர நிர்ணயமே 2021-இல்தான் வந்தது. அதன் பெயர் ஐஎஸ்ஓ 3533. அதன்படி செய்ததா என்று விற்பவரைக் கேளுங்கள். தெரிந்தவர் பதில் சொல்வார், தெரியாதவர் ‘அக்கா’ என்று பேச்சை மாற்றுவார். ‘சிலிகான் கலந்தது’, ‘ஜெல்லி’, ‘தோல் போன்றது’ என்றெல்லாம் எழுதியிருந்தால் ஒதுங்கிப் போங்கள். பின்புறத் துவாரத்துக்கானது என்றால் அடிப்பாகம் அகலமாக விரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போய்ச் சிக்கி, அதை எடுக்க அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்வது உண்மையில் மிக எளிது. தனிக் குப்பி எதுவும் வேண்டாம். மோட்டார் இல்லாத முழுச் சிலிகான் என்றால் சில நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். அதற்குத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், பால் காய்ச்சும் பாத்திரம் வேண்டவே வேண்டாம். மோட்டார் உள்ளதைக் கொதிக்க வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் வாசனையற்ற மென்மையான சோப்பால் பயன்படுத்துவதற்கு முன்பும் பின்பும் கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலச வேண்டும். பொத்தானைச் சுற்றிய பள்ளமும் வார்ப்புக் கோடும்தான் அழுக்கு ஒளியும் இடம். அங்கே விரலால் தேய்த்துக் கழுவுங்கள். ‘நீர் புகாதது’ என்ற சொல்லையும் நம்ப வேண்டாம், குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்4 வெறும் தெறிப்பைத்தான் தாங்கும். என்னுடையதில் குறியீடே இல்லை. குழாயடியில் காட்டியதற்கே மின்னேற்றும் துளைக்குள் நீர் இறங்கிவிட்டது.

கழுவுவதைவிட உலர்த்துவதில்தான் நம் ஊரில் சிக்கல். பிற்பகல் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் அலமாரியில் தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்? நூல் உதிராத துணியால் துடைத்து, காற்றில் உலரவிட்டு, பருத்திப் பையில் வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனிப் பையாக இருக்கட்டும். வெவ்வேறு பொருள்கள் உரசிக்கொண்டிருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். கழற்றக்கூடிய மின்கலம் என்றால் கழற்றி வையுங்கள். தகரக் கூரையின் சூடு நேரடியாக இறங்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

வழவழப்புக்கு நீர் சார்ந்த ஜெல்லே போதும். சிலிகான் ஜெல் சிலிகான் கருவியையே கெடுக்கக்கூடும். கருவியை இன்னொருவரோடு பகிர்ந்தால் கிளமிடியா, எச்பிவி போன்ற பால்வினைத் தொற்றுகள் பரவலாம். பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் புது ஆணுறை மாட்ட வேண்டும். பின்புறத்தில் பயன்படுத்தியதை ஆணுறை மாற்றாமலோ கழுவாமலோ முன்புறத்துக்குக் கொண்டுவரவே கூடாது. ஏற்கெனவே டிபிஇ வகை கையில் இருந்து, தூக்கிப் போட மனம் வராதவர்களும் ஆணுறை மாட்டியே பயன்படுத்துங்கள். பிசுபிசுப்போ புள்ளியோ வெடிப்போ தெரிந்த அன்றே குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கடையின் பக்கம் இப்போது இல்லை. ஆனால் அதே படங்களோடு வேறு பெயரில் ஒன்று முளைத்திருக்கிறது, விலை மட்டும் பத்து ரிங்கிட் கூடுதல். ‘நம் பெண்களுக்காக’ என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. குப்பி ஊதா நிறம், மூடியில் ரோஜாப் படம். பொருளின் கீழே ‘சிலிகான்’ என்று எழுதியிருந்தாலும், கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெட்டியின் ஓரத்தில் ‘டிபிஇ’ என்ற மூன்று எழுத்து தெரியும். வாங்குவதற்கு முன் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள்.