நியூசிலாந்து நோட்டீஸில் கங்காரு: 90,000 ரூபாய் போன கதை

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஆபீஸ் போட்டிருக்கும் 'ஃபாரின் எஜுகேஷன்' ஏஜென்டிடம் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். சுற்றுச்சூழல் அறிவியலை நியூசிலாந்தில் படிக்க வேண்டும் என்று ஆசை. வௌவாலை விட்டால் தரைவாழ் பாலூட்டி என்று சொந்தமாக எதுவுமே இல்லாத நாடு அது. அதனால்தான் காக்காப்போ மாதிரிப் பறக்காத கிளியெல்லாம் அங்கே பயமில்லாமல் தரையில் நடந்தது. மனிதர்கள் கொண்டுபோன எலியும் கீரியைப் போன்ற ஸ்டோட்டும் அவற்றைத் தின்று தீர்க்க, 2050க்குள் இவற்றை ஒழிக்க அரசே திட்டம் போட்டிருக்கிறது. இதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்?

ஏஜென்ட் கொடுத்த வழவழ நோட்டீஸில் 'நியூசிலாந்து' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு கங்காரு நின்றது. அது ஆஸ்திரேலியா ஐயா! நான் சிரித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். அங்கேயே எழுந்து வந்திருக்கணும்.

"பாப்பா மார்க்குக்கு நேரா யுனிவர்சிட்டி எம்.எஸ்சி.தாங்க ஐயா" என்றார். அப்பா "பாத்து செய்ங்க தம்பி" என்று 90,000 ரூபாயை எண்ணி வைத்தார். ரசீதில் 'கன்சல்டிங் சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, ஒன்றும் இல்லை. மாங்கூழ் ஆலைக்குத் தோத்தாபுரி ஏற்றினால் எடைச்சீட்டு கைக்கு வராமல் நகராத மனுஷன், இங்கே அந்தத் தாளைப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆஃபர் லெட்டர் வந்தது. ஆக்லாந்தில் ஏதோ ஒரு தனியார் பயிற்சி நிலையம், பிசினஸ் டிப்ளமோ. கீழே பொடி எழுத்தில் 'லெவல் 5'. அந்த நாட்டில் படிப்புகளுக்கு 1 முதல் 10 வரை நிலை உண்டு: இளநிலைப் பட்டம் 7, முதுநிலை 9. நான் ஏற்கெனவே முடித்ததற்கே இரண்டு படி கீழே! கேட்டால், "முதல்ல உள்ள போயிடு பாப்பா, அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறார். எந்த நிறுவனம், எந்தப் படிப்பு என்று விசாவிலேயே குறித்திருப்பார்கள். நினைத்தபடி மாற முடியாது.

நியூசிலாந்தில் மொத்தமே 8 பல்கலைக்கழகங்கள்தான், எட்டும் அரசுடையவை. பட்டியலைப் பார்க்க அரை நிமிடம் போதும், நான் பார்க்கவில்லை. ஆள் சேர்த்துவிட்டால் கல்லூரிகளே ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கின்றன என்பதும் பிறகுதான் தெரிந்தது. நம்மிடம் வாங்குவது அதற்கு மேலே.

ஆறு நடை நடந்து 20,000 திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதல் வாய்தாவுக்கு அவர் வரவில்லை. ரசீது, ஆஃபர் லெட்டர் நகலோடு அந்தக் கங்காரு நோட்டீஸையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.